நாவல் ராணி வை. மு. கோதைநாயகி அம்மாள்

செங்கற்பட்டு என்றதும் கொளவாய் ஏரியும் ரயில் சந்திப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. மாமல்லபுரம் என்றதும் கடற்கரைக் கோயிலும், அருச்சுனன் தபசும், ஒற்றைக் கல் ரதங்களும் கண்முன் நிற்கின்றன. கல்லிலே கதை சொன்ன மண் நம்முடைய மண். அந்த மண்ணிலே பிறந்து, தாளிலே கதை சொன்ன ஒரு பெண்மணியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 115 நாவல்கள் எழுதியவர் அவர். ஒரு மாதப் பத்திரிகையை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தியவர். நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர். ‘நாவல் ராணி’ என்று மக்களால் அழைக்கப்பெற்றவர். இவ்வளவும் செய்த அந்த அம்மையார் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே இல்லை என்றால், நாள்தோறும் புத்தகப் பையைச் சுமந்து வரும் நமக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கும்.

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் நீர்வளூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள அவ்வூர் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது; இப்பொழுது காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் வெங்கடாச்சாரி. தாயார் பட்டம்மாள். நெறி தவறாத வைணவக் குடும்பம். கைக்குழந்தையாக இருக்கும்பொழுதே தாயை இழந்தார். வீட்டுப் பெரியவர்கள் எடுத்து வளர்த்தார்கள். பாசுரங்களையும் புராணக் கதைகளையும் பிறர் சொல்லக் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டது அந்தக் குழந்தை. எழுத்து அறியாவிட்டாலும் காது நன்றாகப் பழகிவிட்டது.

1907இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது ஐந்தரை; மணமகன் பார்த்தசாரதிக்கு ஒன்பது. நம் பள்ளியில் முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய குழந்தை மணையில் உட்கார்ந்தாள். அன்றைய வழக்கம் அது. அந்த வழக்கத்தால் எத்தனையோ சிறுமிகளின் வாழ்க்கை தொடங்குமுன்பே முடிந்துபோயிற்று. கோதைநாயகிக்கு அப்படி நேராமல் காத்தது புகுந்த வீட்டின் நல்ல உள்ளந்தான். அவர் பெயரின் முன்னே நிற்கும் ‘வை. மு.’ என்பது ‘வைத்தமாநிதி முடும்பை’ என்னும் அந்தக் குடும்பப் பெயரின் சுருக்கமாகும். சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த குடும்பம் அது. மாமியார் மருமகளுக்குத் தெலுங்கு கற்பித்தார். கணவர் தமிழ் கற்பித்தார். மாலை வேளைகளில் மனைவியை நாடகம் பார்க்க அழைத்துச் செல்வதிலும் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. ஊர் பேசியிருக்கும், அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

நாடகம் பார்த்துவிட்டு வந்தால் அன்றிரவே கதை வளரத் தொடங்கிவிடும். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைத் திண்ணையில் கூட்டி வைத்துக்கொண்டு, கேட்ட கதையைச் சொல்லுவார். கேட்ட கதை தீர்ந்துபோனால் தாமே புனைந்து சொல்லுவார். குழந்தைகளோடு பெரியவர்களும் வந்து உட்காரலானார்கள். இக்கதைகளை அச்சிலே ஏற்றினால் என்ன என்ற ஆசை எழுந்தது. ஆனால் தடையின்றி எழுத அப்போது அவர் கை பழகவில்லை. இந்த இடத்தில்தான் பட்டம்மாள் என்ற தோழி வருகிறார். அம்மையார் சொல்லச் சொல்ல, அத்தோழி எழுதினார். இப்படிப் பிறந்ததே ‘இந்திர மோகனா’ என்னும் நாடகம். 1924இல் அது நூலாக வெளிவந்தது. தம் கையால் எழுதப் பழகுவதற்கு முன்பே நூலாசிரியர் ஆகிவிட்டார் கோதைநாயகி! தாயின் பெயரும் பட்டம்மாள், கை கொடுத்த தோழியின் பெயரும் பட்டம்மாள் என்பது நமக்கு ஏனோ மனத்தில் நிற்கிறது.

அம்மையார் எழுத வந்த காலத்தில் தமிழ் மக்கள் எத்தகைய கதைகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதை அறிந்தால்தான் அவர் செய்த காரியத்தின் அருமை விளங்கும்.

தமிழின் முதல் நாவலைத் தந்தவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்கள். அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1869இல், பெண்களுக்காகப் ‘பெண்மதி மாலை’ பாடியவர் அவர். அவர் தொடங்கி வைத்த வழி நகைச்சுவையும் நல்லறிவும் கலந்த வழி. ஆனால் இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் வேறொரு வெள்ளம் வந்து புகுந்தது. அது ஆங்கிலத்து மர்மக் கதை வெள்ளம்.

ஐரோப்பாவில் ‘கோதிக்’ கதை என்று ஒரு வகை உண்டு. பெயரைக் கேட்டால் நம் கோதைக்கு உறவு போலத் தோன்றும்; உறவு ஏதும் இல்லை! சாந்தோம் பேராலயத்துக்குச் சென்றவர்கள் அங்குள்ள கூர்மையான வளைவுகளையும் வானளாவிய கோபுரத்தையும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டட முறைக்குக் கோதிக் என்று பெயர். அத்தகைய பழைய கோட்டைகளிலும் மடங்களிலும் நடப்பதாக எழுதப்பட்டதால் கதைக்கும் அப்பெயரே வந்தது. 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ரான்டோ கோட்டை’ அவ்வகையில் முதலாவது என்பார்கள். பின்னர் 1794இல் ஆன் ராட்கிளிஃப் அம்மையார் ‘உடால்ஃபோ மர்மங்கள்’ எழுதினார். பாழடைந்த கோட்டை, பூட்டிய அறை, நள்ளிரவில் கேட்கும் காலடியோசை, மறைத்து வைத்த உயில், ஆதரவற்ற அழகிய பெண், அவளை அச்சுறுத்தும் கொடியவன், இறுதியில் உண்மைக் காதலின் வெற்றி. இவையே அக்கதைகளின் சரக்கு.

இவற்றைப் படிக்கும்பொழுது சீமைக் கோட்டையை மனத்தில் காண நமக்கு இயலுவதில்லை. சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைதான் தோன்றுகிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி இடிந்து நிற்கும் அந்தச் செங்கற் கோட்டையையும், அதனுள்ளே சித்திர வேலைப்பாடு செய்த பழைய டச்சுக் கல்லறைகளையும் கண்டவர்களுக்கு நாம் சொல்வது புரியும். அந்தி நேரத்தில் அலையோசையைக் கேட்டுக்கொண்டு அங்கே சற்று நின்றால், ராட்கிளிஃப் அம்மையார் நம் கரையோரத்தில் பிறந்திருந்தாலும் அதே கதைகளைத்தான் எழுதியிருப்பார் என்று தோன்றும்.

இவ்வகைக் கதைகளை மலிவு விலையில் வாரந்தோறும் எழுதிக் குவித்தவர் ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் (1814–1879). சீமைப் புலவர்கள் அவரை மதிக்கவில்லை. ஆனால் இந்தியாவில் ஆங்கிலம் படித்தவர்கள் அவரை விழுந்து விழுந்து படித்தார்கள். படித்ததோடு நில்லாமல், அவர் கதைகளை நம் ஊர்க் கதைகளாக மாற்றியும் எழுதினார்கள். பிரபு ஜமீன்தார் ஆனார். கோட்டை அரண்மனை ஆயிற்று. இலண்டன் மாநகரத்துத் தெருக்கள் சென்னைத் தெருக்கள் ஆயின. சீமாட்டிக்குச் சேலை கட்டித் திலகமும் இட்டார்கள். ஆரணி குப்புசாமி முதலியார் இதில் வல்லவர். வடுவூர் துரைசாமி ஐயங்கார் அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு இத்தொழிலில் இறங்கிப் பெரும் புகழ் பெற்றார். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகிய மறைமலையடிகளே ரெயினால்ட்ஸின் ‘லைலா’ என்னும் கதையைத் தழுவிக் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்ற நாவலை 1911இல் வெளியிட்டார். அவ்வளவு பெரிய அறிஞரையும் அந்தக் கதைகள் இழுத்தன என்றால், மற்றவர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

இக்கதைகளில் பெண்கள் நிறைய இருந்தார்கள். கடத்தப்பட்டார்கள், பூட்டி வைக்கப்பட்டார்கள், மயங்கி விழுந்தார்கள், மீட்கப்பட்டார்கள். ஆனால் எழுதியவர்களில் ஏறத்தாழ எல்லாரும் ஆண்கள். பெண்ணுக்கு வரும் ஆபத்தை ஆண் எழுத, ஆணே மீட்க, ஆணே படித்துக்கொண்டிருந்தான். வீட்டுப் பெண்கள் நாவல் படிப்பதோ பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. நாவல் படித்தால் பெண் கெட்டுப்போவாள் என்ற அச்சம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் இருந்தது. பேய்க்கோட்டைக் கதைகளைப் படித்துப் படித்து, விருந்துக்குச் சென்ற வீட்டையே மர்ம மாளிகை என்று நம்பிவிடும் ஒரு பெண்ணைப் பற்றி ஜேன் ஆஸ்டின் அம்மையார் ‘நார்த்தாங்கர் ஆபி’ என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார்.

இந்தச் சூழ்நிலையில்தான் நம் அம்மையார் எழுதத் துணிந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் அவருக்கு ஊக்கம் தந்து உதவினார். தள்ளாடிக்கொண்டிருந்த ‘ஜகன்மோகினி’ என்னும் மாத இதழை அம்மையார் 1925இல் விலைக்கு வாங்கினார். கையிலே பணம் மிகுந்திருந்து வாங்கவில்லை. கதை மிகுந்திருந்தது, அதனால் வாங்கினார் என்று சொல்லலாம். தம் முதல் நாவலாகிய ‘வைதேகி’யைத் தொடர்கதையாக அதிலே வெளியிடத் தொடங்கினார். அடுத்த மாதம் என்ன ஆகுமோ என்று வாசகர்கள் காத்திருக்கலானார்கள். இதழ் நிமிர்ந்து நின்றது.

அம்மையாரின் நாவல்களிலும் மர்மம் உண்டு. மாறுவேடம் உண்டு, காணாமற்போன கடிதம் உண்டு, எதிர்பாராத சந்திப்புகள் உண்டு. முன்னோர் வகுத்த பாதையை அவர் விட்டுவிடவில்லை. ஆனால் மர்மம் இருக்கும் இடத்தை மாற்றினார். அஞ்ச வேண்டியது பாழடைந்த கோட்டையையன்று, விளக்கெரியும் நம் வீட்டையே என்று காட்டினார். ஐந்து வயதில் மணமாகி ஏழு வயதில் கைம்பெண்ணாகிச் சமையலறை மூலையில் காலம் தள்ளுபவளுக்குப் பூட்டிய அறை என்று ஒன்று தனியே வேண்டுமா? வரதட்சிணைக்காகக் கிழவருக்கு மாலையிடும் பெண்ணுக்கு வேறொரு கொடியவன் வேண்டுமா? குடித்துவிட்டு வரும் கணவனின் காலடியோசை நள்ளிரவுப் பேயின் காலடியோசையைவிடக் குறைந்த அச்சமா தரும்? குழந்தை மணம், கைம்மை, வரதட்சிணை, குடி, தீண்டாமை ஆகிய இவற்றையே அவர் தம் கதைகளின் இருட்டறைகள் ஆக்கினார். அவற்றைத் திறக்கும் சாவியையும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் கையிலேயே கொடுத்தார். படிக்கும் பெண்ணுக்கு இது பிறர் கதையாகத் தோன்றவில்லை.

எதிர்ப்பு வராமலிருக்குமா? வந்தது. குடும்பப் பெண் கதை எழுதுவதா, அதைப் பத்திரிகையிலே போடுவதா என்று பலர் இகழ்ந்தார்கள். தெருவில் அவர் நடந்து சென்றபோதே இழித்துப் பேசினார்கள். கணவர் பார்த்தசாரதி மலைபோல் பின்னே நின்றார். ஒருபுறம் பழிப்பு; மறுபுறம், ஜகன்மோகினியைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட பெண்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படிக்க, அரிசி புடைத்துக்கொண்டும் பூத்தொடுத்துக்கொண்டும் மற்றவர்கள் கேட்ட வீடுகள் ஏராளம். மாதந்தோறும் வந்த பக்கங்களைச் சேர்த்துத் தைத்துப் புத்தகமாக்கி வைத்திருந்த பாட்டிமார்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். பெண் கெட்டுப்போவாள் என்று எந்தக் கதையைக் குறித்து அஞ்சினார்களோ, அந்தக் கதையே அவளுக்கு அரிச்சுவடி ஆயிற்று.

இங்கே நமக்கு இங்கிலாந்து நாட்டுச் சார்லட் பிரான்டி (1816–1855) நினைவுக்கு வருகிறார். அவரும் சிறு வயதிலேயே தாயை இழந்தவர். போதகர் ஒருவரின் மகள். காற்றடிக்கும் மேட்டுநிலத்து ஊரில் தங்கையரோடு கதை புனைந்தே வளர்ந்தவர். 1847இல் அவர் எழுதிய ‘ஜேன் ஐர்’ என்னும் நாவல், பெரிய மாளிகை ஒன்றில் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வரும் அநாதைப் பெண்ணின் கதை. அம்மாளிகையின் மேல்மாடியில் பூட்டிய அறை ஒன்று. அதனுள்ளே வீட்டுக்காரரின் மனநலம் குன்றிய முதல் மனைவி. கோதிக் கதையைக் கோட்டையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தவர் சார்லட். நம் கோதைநாயகி செய்ததும் அதுவே. ஆனால் சார்லட் தம் பெயரை வெளியிட அஞ்சி ‘கரர் பெல்’ என்ற பெயரில் ஒளிந்துகொண்டார். படித்தவர்கள் எழுதியவர் ஆணா பெண்ணா என்று வாதிட்டார்கள். பள்ளியிலே படித்து, ஆசிரியையாகவும் பணியாற்றிய சார்லட் அஞ்சிய இடத்தில், பள்ளியே காணாத கோதைநாயகி தம் பெயரை அட்டையிலேயே அச்சிட்டார். எண்பது ஆண்டுக்கால இடைவெளி இருக்கிறது. அதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். இருந்தாலும் இவர் துணிவு பெரிது என்பதே நம் எண்ணம்.

1925ஆம் ஆண்டு வேறொரு வகையிலும் அம்மையாரின் வாழ்வைத் திருப்பியது. அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகளை அவர் கண்டார். பட்டும் நகையும் அணிந்து சென்றவர் அவற்றைத் துறந்து கதர் உடுத்தலானார். அம்புஜம்மாள், உருக்மணி லட்சுமிபதி, வசுமதி இராமசாமி முதலிய பெண்மணிகளோடு சேர்ந்து நாட்டுப் பணியில் ஈடுபட்டார். மேடையில் ஏறினால் இனிய குரலில் பாடுவார். பாட்டு முடிந்ததும் பேசுவார். பேச்சிடையே குட்டிக் கதைகள் வரும். கேட்க வந்தவர்கள் எழுந்து போவதில்லை.

1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி பகிஷ்காரத்திலும் கலந்துகொண்டு சிறை சென்றார். வேலூர்ச் சிறையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. தம்மைப் போல் கொள்கைக்காக வந்தவர்களோடு மட்டுமன்றிக் குற்றம் புரிந்து தண்டனை பெற்ற பெண்களோடும் பேசிப் பழகினார். அவர்களுடைய வாழ்க்கையைக் கேட்டறிந்தார். அங்கே எழுதிய நாவல்களே ‘சோதனையின் கொடுமை’யும் ‘உத்தமசீல’னும். உயர்ந்த மதில், இரும்புக் கதவு, இரவில் காவலர் நடக்கும் ஓசை. மர்ம நாவலாசிரியர்கள் கற்பனையில் கட்டிய கோட்டைக்குள்ளேயே இருந்து எழுதிய நாவலாசிரியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர் சிறையில் இருந்தபோது ஜகன்மோகினியைக் கணவர் கவனித்துக்கொண்டார்.

எழுத்தோடு இசை, அதோடு கைவைத்தியம், அக்கம்பக்கத்தில் பிரசவம் என்றால் நள்ளிரவானாலும் ஓடி உதவுதல் என்று அவர் நாட்கள் நிறைந்திருந்தன. திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். காந்தியடிகள் மறைந்த 1948இல் ‘மகாத்மாஜி சேவா சங்கம்’ என்ற அமைப்பைத் திருவல்லிக்கேணியில் தொடங்கி, ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவினார்.

அவர் கதைகள் வெள்ளித்திரைக்கும் சென்றன. ‘ராஜமோகன்’ 1937இலும் ‘அநாதைப் பெண்’ 1938இலும் படங்களாயின. இரண்டாவது படத்தின் பெயரைப் பாருங்கள்! சார்லட் பிரான்டியின் கதாநாயகியும் அநாதைப் பெண்தானே. உலகெங்கும் இவ்வகைக் கதைகள் ஆதரவற்ற பெண்ணிலிருந்தே தொடங்குகின்றன. தாயில்லாப் பெண்கள் இருவர் அவற்றை எழுதினார்கள் என்பதும் தற்செயல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ‘ஜேன் ஐர்’ கதையைத் தழுவி 1952இல் இந்தியில் ‘சங்தில்’ என்ற படம் வந்தது. திலீப்குமாரும் மதுபாலாவும் நடித்தார்கள். இப்பொழுதும் மேல்நாடுகளில் இளம்பெண்களுக்காக அக்கதையைப் புதிது புதிதாகத் திருப்பி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒன்றிலே மாளிகைக்காரர் பாடகராக வருகிறார். இன்னொன்றிலே மாளிகையே விண்வெளிக் கப்பலாக மாறியிருக்கிறது! ஜமீன்தாரையும் அரண்மனையையும் வைத்து ஆரணியாரும் வடுவூராரும் செய்த வேலையும் இதுதானே என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மாதந்தோறும் இதழ் வெளிவந்தாக வேண்டும் என்ற அவசரம் பல நாவல்களில் தெரிகிறது. தற்செயல் நிகழ்ச்சிகள் அளவுக்கு மிஞ்சி வருகின்றன. பாத்திரங்கள் பேச்சை நிறுத்திவிட்டு நெடுநேரம் அறிவுரை சொல்லுகிறார்கள். சில பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிக்கவே தோன்றுகிறது. நடையிலும் வடசொற்கள் மிகுதி. அவருக்குப் பின் வந்த திறனாய்வாளர்கள் இவற்றைச் சுட்டிக்காட்டி, இலக்கியத்தின் வரிசையில் அவருக்கு இடம் தரத் தயங்கினார்கள். கலைநயம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி சரியே. ஆனால் அவருடைய வாசகி யார் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அன்றுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய பெண்ணுக்கு வீட்டுப் பேச்சைப் போன்ற நடையும், விட்டுவிட முடியாத கதையும் வேண்டியிருந்தன. அம்மையாரின் நாவல்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் இது விளங்கும். அவை கண்ணுக்காக எழுதப்பட்டவையல்ல. திண்ணையில் உட்கார்ந்து சொல்லப்பட்டவை.

இனி நம் பகுதியோடு அவருக்கிருந்த தொடர்பைச் சொல்வோம். 1942இல் ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற அச்சத்தால் சென்னை மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினார்கள். அம்மையாரின் குடும்பம் நம் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வந்து சேர்ந்தது. போர்க்காலம், காகிதப் பஞ்சம். பல பத்திரிகைகள் நின்றுபோயின. ஜகன்மோகினியை அவர் நிறுத்தவில்லை. இங்கே இருந்துகொண்டே இதழ் நடத்தினார். செங்கற்பட்டிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்லும்பொழுது இதை நினைத்துக்கொள்ளலாம். வழியில் சிங்கப்பெருமாள் கோவில் வரும். அடுத்தது மறைமலை நகர். குமுதவல்லியை எழுதிய அடிகளின் பெயர் தாங்கிய ஊர். தமிழ் மர்ம நாவலின் இரண்டு அத்தியாயங்கள் நம் ரயில் பாதையிலேயே அடுத்தடுத்து இருக்கின்றன!

நாடு விடுதலை பெற்றபின், அம்மையாரின் தொண்டைப் பாராட்டி அரசாங்கம் செங்கற்பட்டுப் பகுதியில் அவருக்குப் பத்து ஏக்கர் நிலம் வழங்கியது. வினோபா பாவே பூமிதான இயக்கத்தை நடத்தியபொழுது அம்மையார் அந்த நிலத்தை அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டார். நாவல் எழுதியும் பத்திரிகை நடத்தியும் அவர் பெருஞ்செல்வம் சேர்த்துவிடவில்லை என்பதை நினைத்தால் இக்கொடையின் அளவு புரியும்.

1956இல் அவருக்குத் தாங்க முடியாத துயரம் நேர்ந்தது. ஒரே மகன் சீனிவாசன் காலமானார். எத்தனையோ தாய்மார்களின் கண்ணீரைக் கதையிலே எழுதி, கடைசி அத்தியாயத்தில் அதைத் துடைத்தும் விட்டவர் அவர். தம் துயருக்கு அத்தகைய அத்தியாயத்தை அவரால் எழுத இயலவில்லை. எழுத்திலும் இதழிலும் இருந்த ஈடுபாடு தளர்ந்தது. உடலும் தளர்ந்தது. காசநோய் பற்றியது. தாம்பரம் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். அந்நாளில் தாம்பரமும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். எனவே எந்த மாவட்டத்தில் பிறந்தாரோ அந்த மாவட்டத்திலேயே, 1960ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள், தம் ஐம்பத்தெட்டாம் வயதில் அவர் உயிர் நீத்தார். ஜகன்மோகினியின் காலமும் அவரோடு முடிந்தது.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1966இல், அவருடைய கதையைத் தழுவிச் ‘சித்தி’ என்ற படம் வெளிவந்தது. இயக்கியவர் கே. எஸ். கோபாலகிருஷ்ணன், நடித்தவர்கள் பத்மினியும் எம். ஆர். இராதாவும். தம்பியின் படிப்புக்காக, பிள்ளைகள் பலருள்ள வயது முதிர்ந்த செல்வர் ஒருவருக்கு இரண்டாம் மனைவியாகப் போகிறாள் ஓர் இளம்பெண். பெரிய வீடு, கடுகடுத்த வீட்டுக்காரர், தாயில்லாக் குழந்தைகள். வாசற்படியில் தயங்கி நிற்கும் அந்தப் பெண்ணைக் காணத் தமிழ்நாட்டுப் பெண்கள் திரையரங்குகளில் நிறைந்தார்கள். அவர்களுள் பலர் அந்தக் கதையை எழுதியவர் யாரென்று அறிந்திருக்கவில்லை. தாயின் மடியில் படுத்துக்கொண்டு ஜகன்மோகினியைப் படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் மட்டும் படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர் பெயரைச் சொல்லியிருப்பார்கள்.